அமெரிக்கப் பொதுப் பள்ளியில் கொடி வணக்கமும் பிரார்த்தனையும்: உங்கள் பிள்ளைக்கு என்ன உரிமை?

கேள்வி: நாங்கள் டெக்சஸில் இருக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் காலையில் நெஞ்சில் கைவைத்து அமெரிக்கக் கொடிக்கு உறுதிமொழி சொல்கிறாள், பிறகு டெக்சஸ் கொடிக்கும் ஒன்று. இரண்டிலும் கடவுள் வருகிறார். நாங்கள் இந்தியக் குடிமக்கள். அவள் சொல்லத்தான் வேண்டுமா? மறுத்தால் விசாவுக்குச் சிக்கல் வருமா? பள்ளியில் பிரார்த்தனையே தடை என்கிறார்கள். அப்படியென்றால் நெற்றியில் விபூதியோடு அனுப்பலாமா?

பதில்:

உங்களுக்கு உடனே தேவைப்படுவதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் அந்த உறுதிமொழியைச் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்த அரசுப் பள்ளியும் கட்டாயப்படுத்த முடியாது. மறுப்பதற்கும் விசாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சொன்னால் இந்தியக் குடியுரிமை போய்விடுமோ என்று சிலர் கேட்கிறார்கள்; அந்தக் கவலையும் வேண்டாம். குடியுரிமை பெறும்போது எடுக்கும் சத்தியப் பிரமாணம் வேறு, பள்ளிப் பிள்ளைகள் காலையில் சொல்லும் உறுதிமொழி வேறு. விபூதியோடு தாராளமாக அனுப்புங்கள். பள்ளியில் பிரார்த்தனை தடை என்று நீங்கள் கேள்விப்பட்டது பாதிகூட உண்மையில்லை.

டெக்சஸில் ஒரு நடைமுறை உண்டு. உறுதிமொழியிலிருந்து பிள்ளைக்கு விலக்கு வேண்டுமானால் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். எழுதிக் கொடுத்துவிட்டால் பள்ளி விலக்கு அளித்தே தீர வேண்டும். அந்தக் கடிதத்தில் என்ன எழுதலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் இங்கே அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். நம்மவர்கள் இந்த விஷயத்தில் இரண்டு விதமாகத் தவறுவதைப் பார்த்திருக்கிறேன். ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். அல்லது, நமக்கு உரிமையே இல்லை என்று நினைத்து விபூதியை அழித்துவிட்டு அனுப்புவார்கள். இரண்டுமே தேவையில்லை. அமெரிக்கச் சட்டம் இதில் பார்ப்பது ஒன்றைத்தான்: பேசுவது பிள்ளையா, பள்ளியா? பிள்ளை தானாகச் சொன்னால், அணிந்தால், வேண்டிக்கொண்டால் அது அவளுடைய உரிமை. பள்ளி தன் அதிகாரத்தைக் கொண்டு அதே காரியத்தைப் பிள்ளையிடம் திணித்தால் அது அரசின் அத்துமீறல். பக்திக்கும் இதே அளவுகோல்தான், தேசபக்திக்கும் இதே அளவுகோல்தான். இது அரசுப் பள்ளிகளை மட்டுமே கட்டுப்படுத்தும். தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தாது.

இந்த அளவுகோலை வாங்கிக் கொடுத்தவர்கள் யார் என்று தெரிந்தால்தான் அதன் மதிப்பு புரியும். அதனால் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன்.

அந்த உறுதிமொழியை 1892இல் எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி என்ற பாப்டிஸ்ட் போதகர். கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400ஆம் ஆண்டு விழாவுக்காக ஒரு சிறுவர் குடும்பப் பத்திரிகையில் அது வெளியானது. பள்ளிகளுக்குக் கொடி விற்பதில் முனைப்பாக இருந்த பத்திரிகை அது. எழுதியவர் போதகரே ஆனாலும் அவர் எழுதிய வாசகத்தில் கடவுள் இல்லை. கொடிக்கும், அது குறிக்கும் குடியரசுக்கும் விசுவாசம். பிரிக்க முடியாத ஒரே நாடு. அனைவருக்கும் சுதந்திரமும் நீதியும். அவ்வளவுதான். 62 ஆண்டுகள் கழித்து, 1954 ஜூன் 14 அன்று, குடியரசுத் தலைவர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம்தான் ‘கடவுளின் கீழ்’ என்ற சொற்கள் நுழைந்தன. சோவியத் யூனியனோடு பனிப்போர் நடந்த காலம். அவர்கள் நாத்திகர்கள், நாம் கடவுளை நம்புகிறவர்கள் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. டெக்சஸ் கொடியின் உறுதிமொழியில் கடவுள் வந்தது இன்னும் பிந்தி, 2007இல்.

கையை நெஞ்சில் வைப்பதும் தொடக்கத்திலிருந்து வந்த வழக்கம் அல்ல. முதலில் வலது கையைக் கொடியை நோக்கி நேராக நீட்டித்தான் பிள்ளைகள் வணக்கம் சொன்னார்கள். ஹிட்லரின் ஆட்கள் நீட்டிய கையும் இதுவும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கியதும் 1942 டிசம்பரில் நாடாளுமன்றம் அதை மாற்றியது.

அந்த நீட்டிய கையில்தான் வழக்கே தொடங்கியது. பென்சில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். 1935ஆம் ஆண்டு. யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு சமயப் பிரிவைச் சேர்ந்த ஒரு மளிகைக் கடைக்காரரின் பிள்ளைகள் லில்லியனும் வில்லியமும். அவளுக்கு 12 வயது, அவனுக்கு 10. கடவுளைத் தவிர வேறு எதற்கும் வணக்கம் செலுத்தக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதே காலத்தில் ஜெர்மனியில் அவர்களுடைய சபையினர் ஹிட்லருக்கு வணக்கம் சொல்ல மறுத்துச் சிறைக்கும் வதை முகாம்களுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி இந்தக் குடும்பத்தையும் எட்டியிருந்தது. ஒருநாள் சிறுவன் வில்லியம் வகுப்பில் கை நீட்டாமல் நின்றான். ஆசிரியை அவன் கையைப் பிடித்து உயர்த்தப் பார்த்தார். அவன் தன் பாக்கெட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். லில்லியன் வகுப்புத் தலைவி, நன்றாகப் படிக்கிறவள். வணங்க மறுத்தால் அந்த மதிப்பெல்லாம் போய்விடும் என்று தெரிந்தே அவளும் மறுத்தாள். வில்லியம் பள்ளி வாரியத்துக்குத் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதினான்: நான் நாட்டை மதிக்காமல் இல்லை, கடவுளின் சொல்படி நடக்கிறேன் என்பதுதான் அதன் சாரம். இருவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். ஊர் மக்கள் அப்பாவின் கடையைப் புறக்கணித்தார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1940 ஜூன் 3 அன்று 8 நீதிபதிகள் பள்ளியின் பக்கமும் ஒருவர் மட்டும் பிள்ளைகளின் பக்கமும் நின்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பீலிக்ஸ் பிராங்க்பர்ட்டர், வியன்னாவில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா வந்த யூதர். பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. நாட்டு ஒற்றுமைதான் நாட்டுப் பாதுகாப்புக்கு அடித்தளம் என்று அவர் எழுதினார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியம் தெருவில் என்ன செய்தது என்று பாருங்கள். தீர்ப்பு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, மெய்ன் மாநிலத்தில் கென்னபங்க் என்ற ஊரில் யெகோவாவின் சாட்சிகளின் கூடத்தைக் கும்பல் ஒன்று தீவைத்துக் கொளுத்தியது. அந்த மாத இறுதியில் மேற்கு வர்ஜீனியாவின் ரிச்வுட் நகரில் அந்தச் சமயத்தாரைப் பிடித்து, கட்டாயமாக விளக்கெண்ணெய் குடிக்கவைத்து, கயிற்றில் பிணைத்துத் தெருவில் நடத்திப்போனார்கள். முன்னின்று நடத்தியவர்களில் சட்டத்தைக் காக்க வேண்டிய உதவி ஷெரீப்பும் ஒருவர். நாடு முழுவதும் இப்படி நூற்றுக்கணக்கான தாக்குதல்கள். உச்ச நீதிமன்றமே அவர்களைத் தேசத்துரோகிகள் என்று சொல்லிவிட்டதாகக் கும்பல்கள் எடுத்துக்கொண்டன. தேசபக்தியைச் சட்டத்தால் கட்டாயமாக்கினால் தெருவில் யார் அதைக் கையில் எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் பார்த்ததில்லை.

பெரும்பான்மைத் தீர்ப்பில் கையெழுத்திட்ட நீதிபதிகளில் மூவர், இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு வழக்கில், அன்று நாங்கள் தவறாகத் தீர்ப்பளித்துவிட்டோம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இப்படிச் சொல்வது அபூர்வம்.

அதற்குள் மேற்கு வர்ஜீனியா மாநிலக் கல்வி வாரியம் 1942 ஜனவரியில் கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கியது. மறுத்த பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். நீக்கியதால் பள்ளிக்கு வராத பிள்ளைகள் என்று கணக்கில் எழுதினார்கள். பள்ளிக்கு அனுப்பவில்லை என்று பெற்றோர் மீது வழக்குப் போட்டார்கள். பிள்ளைகளைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்போவதாக மிரட்டினார்கள். சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே ஒரு சிறு தொடக்கப் பள்ளியில் படித்த பார்னெட் சகோதரிகளின் குடும்பம் நீதிமன்றம் போனது. அந்த வழக்கில் 1943 ஜூன் 14 அன்று, அமெரிக்கர்கள் கொடி நாளாகக் கொண்டாடும் அதே நாளில், உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் தன் பழைய தீர்ப்பைத் தானே தூக்கி எறிந்தது. போர் உச்சத்தில் இருந்தது. நாட்டின் இளைஞர்கள் கடல் கடந்து செத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் கொடியை வணங்க மறுக்கும் சிறுமிகளின் பக்கம் நிற்க நீதிபதிகளுக்குத் துணிவு வேண்டும்.

தீர்ப்பை எழுதிய ராபர்ட் ஜாக்சன்தான் போர் முடிந்ததும் நியூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்களுக்கு எதிராக அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்கறிஞராக நின்றவர். அரசியலிலோ, தேசியத்திலோ, சமயத்திலோ எது சரியான கருத்து என்று வகுத்துக் கொடுக்க எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை, அவர் பெரிய பதவியில் இருந்தாலும் சின்னப் பதவியில் இருந்தாலும் சரி; அந்தக் கருத்தை வாயால் சொல்லவோ செயலால் காட்டவோ குடிமகனைக் கட்டாயப்படுத்தவும் கூடாது என்று எழுதினார். கருத்துகளைக் கட்டாயத்தால் ஒன்றாக்கப் போனால் கிடைப்பது கல்லறையின் ஒருமைப்பாடு மட்டுமே என்றும் எழுதினார். அமெரிக்க நீதிமன்றங்கள் எழுதியவற்றில் நான் மாணவர்களுக்கு அதிகம் வாசித்துக் காட்டியது இந்தப் பக்கங்களைத்தான்.

இதில் நம்மவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. வழக்குத் தொடுத்தவர்கள் சமய நம்பிக்கையைச் சொல்லித்தான் போனார்கள். ஆனால் ஜாக்சன் தீர்ப்பைச் சமய உரிமையின் மேல் கட்டவில்லை, பேச்சுரிமையின் மேல் கட்டினார். பேச உரிமை இருப்பதுபோலப் பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு என்பது அதன் அடிப்படை. ஆகவே உங்கள் மகள் மறுப்பதற்குச் சமயக் காரணம் காட்ட வேண்டியதில்லை. எந்தக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் சைவர்கள், எங்கள் கடவுள் வேறு என்றெல்லாம் ஆசிரியரிடம் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

எழுந்து நிற்பது பற்றி அந்த வழக்கு தனியாகப் பேசவில்லை. பின்னால் வந்த மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அதையும் தெளிவாக்கின. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் நியூஜெர்சியில் மாணவர்கள் எழுந்து நின்றே ஆக வேண்டும் என்ற சட்டத்தை 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதாக்கியது. புளோரிடாவில் டெக்சஸைப் போலவே பெற்றோரின் கடிதம் வேண்டும் என்ற விதி இருக்கிறது. 2008இல் அந்த விதியை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டாலும், விலக்குப் பெற்ற பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லக் கூடாது என்றது. பிள்ளைக்குச் சொந்தமான ஓர் உரிமையைப் பெற்றோரின் கையெழுத்துக்குள் அடைக்கும் இந்த விதி எனக்கு உடன்பாடில்லை. பள்ளி இறுதி ஆண்டில் படிக்கிற 17 வயதுப் பிள்ளை தன் மனசாட்சிக்கு அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டும் என்பது பார்னெட் தீர்ப்பின் உணர்வுக்கே பொருந்தாது. ஆனால் நடைமுறை அதுதான், அதன்படி நடந்துகொள்வது நல்லது.

‘கடவுளின் கீழ்’ என்ற சொற்களையே நீக்கச் சொல்லி கலிபோர்னியாவில் ஒரு தந்தை வழக்குத் தொடுத்தார். 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, நாடே கொந்தளித்தது. 2004இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி இல்லை என்று முடித்துவிட்டது. சொற்கள் அப்படியே இருக்கின்றன. விரும்பாதவர் சொல்ல வேண்டியதில்லை என்ற உரிமையும் அப்படியே இருக்கிறது. உறுதிமொழியைச் சொல்லிவிட்டு அந்த இரண்டு சொற்களை மட்டும் விழுங்கிவிடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கும் தடையில்லை.

நீங்கள் இந்தியாவில் படித்தவர் என்பதால் இதைச் சொல்கிறேன். இந்த அமெரிக்க வழக்குகள் நம் ஊர் வரைக்கும் வந்திருக்கின்றன. 1985இல் கேரளத்தில் கோட்டயம் மாவட்டப் பள்ளி ஒன்றில் இதே யெகோவாவின் சாட்சிகளைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடும்போது எல்லோரையும் போல மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பல காலம் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கவனித்துச் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். விசாரணைக் குழு வந்து, பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றே அறிக்கை கொடுத்தது. அப்படியும் நீக்கிவிட்டார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி, நீதிபதி எம்.எம். தத் இருவரும் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். மைனர்ஸ்வில், பார்னெட் இரண்டு வழக்குகளையும் அந்தத் தீர்ப்பு எடுத்துப் பேசுகிறது. ஒரு நம்பிக்கை நம் அறிவுக்கு ஒத்துவருகிறதா என்று நீதிமன்றம் பார்க்கக் கூடாது, அது உள்ளபடியே கொண்ட நம்பிக்கையா என்றே பார்க்க வேண்டும் என்றது. சகிப்புத்தன்மையை நம் மரபும் தத்துவமும் அரசியல் சட்டமும் சொல்கின்றன, அதை நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம் என்று முடித்தது. அங்கே பிள்ளைகள் எழுந்து நின்றது அவர்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப்பட்டது; இங்கே உட்கார்ந்திருப்பதும் உரிமை. அந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் ஊர்ப் பள்ளிப் பழக்கத்தை வைத்து இங்கே அளந்தால் கணக்குத் தவறும்.

இனி பிரார்த்தனைக்கு வருகிறேன். பள்ளிகளில் கடவுளை வெளியேற்றிவிட்டார்கள் என்று இங்கே தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் முழங்குவார்கள். நடந்தது என்னவென்றால், நியூயார்க் மாநிலக் கல்வி ஆளுநர் குழு ஒரு பிரார்த்தனையைத் தானே எழுதிப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. 22 சொற்கள். எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதியது. 1962இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. பிரார்த்தனை எழுதுவது அரசாங்கத்தின் வேலை அல்ல என்பதுதான் காரணம். மறு ஆண்டு பென்சில்வேனியாவில் தினமும் பைபிளிலிருந்து பத்து வசனங்கள் வாசிக்க வேண்டும் என்ற சட்டமும் விழுந்தது. அந்த வழக்கின் தொடக்கம் அழகானது. 1956 நவம்பரில் எலரி ஷெம்ப் என்ற 16 வயது மாணவர், பைபிள் வாசிக்கும் நேரத்தில் குர்ஆனை விரித்து மௌனமாக வாசிக்க ஆரம்பித்தார். அவர் முஸ்லிம் அல்ல. ஒரே ஒரு நூலை அரசு தேர்ந்தெடுத்துக் கட்டாயமாக்குவது சரியா என்று கேட்கவே அப்படிச் செய்தார். தலைமையாசிரியரின் அறைக்கு அனுப்பினார்கள்.

அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: சமய நூல்களை இலக்கியமாகவும் வரலாறாகவும் கற்பிக்கத் தடையில்லை. ஆக, ராமாயணம் பற்றி வகுப்பில் பேசலாம். ராமனை வணங்கச் சொல்லக் கூடாது. உங்கள் மகள் சாப்பிடும் முன் கண்மூடி ஒரு தேவாரம் சொன்னாலும், தேர்வுக்கு முன் பிள்ளையாரை நினைத்துக்கொண்டாலும் யாரும் தடுக்க முடியாது. வகுப்பு நடக்கும்போது இடைஞ்சல் ஆகக் கூடாது, அவ்வளவுதான். மேல்நிலைப் பள்ளிகளில் பாடம் சாராத மாணவர் மன்றங்களுக்கு இடம் கொடுத்தால் சமய மன்றத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று 1984இலேயே கூட்டரசின் சட்டம் இருக்கிறது. பைபிள் மன்றம் இருக்கும் பள்ளியில் உங்கள் மகள் வளர்ந்த பிறகு திருமுறை மன்றம் தொடங்கலாம்.

பட்டமளிப்பு விழாவில் பள்ளி ஏற்பாடு செய்த பிரார்த்தனை 1992இலும், டெக்சஸின் சாண்டா பே பள்ளி மாவட்டத்தில் கால்பந்து ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் நடந்த பிரார்த்தனை 2000இலும் தடுக்கப்பட்டன. பிறகு காற்று திசை மாறியது. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் மண்டியிட்டு வேண்டிக்கொண்டார். மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள். பள்ளி அவரைத் தடுத்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: அவர் வேண்டிக்கொண்டது தனிமனிதராக, பள்ளியின் சார்பில் அல்ல என்றது. இந்தத் தீர்ப்பில் எனக்கு வருத்தம் உண்டு. யாரை ஆட்டத்தில் இறக்குவது, யாரைப் பெஞ்சில் உட்காரவைப்பது என்று தீர்மானிப்பவர் பயிற்சியாளர். அவர் மண்டியிடும்போது பக்கத்தில் நிற்கும் 15 வயதுப் பையனுக்குச் சும்மா நகர்ந்துபோகும் சுதந்திரம் எவ்வளவு இருக்கும்? வகுப்பறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆசிரியரின் முகம் பார்த்துத்தான் பிள்ளைகள் நடக்கிறார்கள். ஆனாலும் அந்தத் தீர்ப்புகூட, பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தலாம் என்று சொல்லவில்லை.

டெக்சஸில் இப்போது நடப்பவை உங்களை நேரடியாகத் தொடும். உறுதிமொழிக்குப் பிறகு ஒரு நிமிட மௌனம் இருக்கும். அந்த நிமிடத்தில் பிள்ளை வேண்டிக்கொள்ளலாம், தியானிக்கலாம், சும்மா யோசிக்கலாம். 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. எனக்கும் இதில் குறை தெரியவில்லை. எந்தக் கடவுளை நினைப்பது என்று யாரும் சொல்லாத வரை ஒரு நிமிட அமைதி பிள்ளைகளுக்கு நல்லதுதான்.

2025இல் வந்த இரண்டு சட்டங்கள் வேறு வகை. ஒன்று, வகுப்பறைதோறும் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்டச் சொல்கிறது. கென்டக்கியின் இதே போன்ற சட்டத்தை 1980இலேயே உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியிருந்தது. லூசியானா 2024இல் இதைத் திரும்பத் தொடங்கியது, டெக்சஸ் பின்தொடர்ந்தது. உடனே பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள், சில பள்ளி மாவட்டங்களுக்கு 2025இலேயே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. உங்கள் மாவட்டத்தின் நிலையை மாவட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது சட்டம், பிரார்த்தனைக்கும் பைபிள் அல்லது பிற சமய நூல் வாசிப்புக்கும் தினமும் நேரம் ஒதுக்கலாமா என்று ஒவ்வொரு பள்ளி வாரியமும் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றது. உங்கள் வாரியம் ஏற்றுக்கொண்டிருந்தாலும், பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் இல்லாமல் பிள்ளையை அதில் உட்காரவைக்க முடியாது. அந்தப் படிவத்தில், இது குறித்து வழக்குத் தொடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்ற வாசகமும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பள்ளி தொடங்கும் வாரத்தில் பையில் வரும் காகிதக் கட்டில் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிற பழக்கம் நமக்கு உண்டு. இந்தக் காகிதத்தை மட்டும் தனியே எடுத்து வரிவரியாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

விபூதி, குங்குமம், உருத்திராட்சம், கையில் கயிறு. இவற்றில் எதற்கும் நீங்கள் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த அயோவா மாணவர்களின் வழக்கில் 1969இல் உச்ச நீதிமன்றம், மாணவர்கள் தங்கள் உரிமைகளைப் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதில்லை என்றது. டெக்சஸிலேயே, நீட்வில் என்ற ஊரில் பாலர் வகுப்பில் சேரவந்த அமெரிக்கப் பூர்வகுடிச் சிறுவன் ஒருவனின் நீண்ட சடையை ஒளித்து வைக்கச் சொன்னது பள்ளி. சமய நம்பிக்கையால் வளர்த்த முடி அது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சீக்கியப் பிள்ளைகள் கிர்பான் என்ற சமயச் சின்னமான குறுவாளை அணிவதற்குக்கூட, கூர் மழுக்கி உறைக்குள் வைத்துத் தைத்துவிட வேண்டும் போன்ற நிபந்தனைகளோடு, கலிபோர்னியாவில் வழி கண்டிருக்கிறார்கள். விபூதிக்கு என்ன தடை வந்துவிடப் போகிறது?

மூக்குத்தி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தமிழர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வழக்கு இருக்கிறது, அமெரிக்காவில் அல்ல, தென்னாப்பிரிக்காவில். டர்பனில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் படித்த தமிழ் வம்சாவளி மாணவி மூக்குத்தியோடு பள்ளிக்கு வந்தார். சீருடை விதிக்கு முரண் என்று கழற்றச் சொன்னது பள்ளி. பெண் பருவமடையும்போது மூக்குக் குத்துவது எங்கள் குடும்ப வழக்கம், 16 வயதில் பாட்டி அவளுக்கு வைர மூக்குத்தி போடுவார், இது அலங்காரம் அல்ல என்று தாய் எழுதினார். வழக்கு நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. அவர்களின் குடும்பப் பெயரால் ‘பிள்ளை வழக்கு’ என்று அழைக்கிறார்கள். 2007 அக்டோபரில் தலைமை நீதிபதி பயஸ் லாங்கா தாயின் பக்கம் தீர்ப்பளித்தார். சாஸ்திரம் கட்டாயமாக்கியிருக்கிறதா என்பது கேள்வி அல்ல. விருப்பத்தோடு கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்றார். நம் சமய வழக்கங்களில் பெரும்பாலானவை யாரும் எழுதிவைத்துக் கட்டாயமாக்கியவை அல்ல, பாட்டி செய்தாள், அம்மா செய்தாள் என்று வருபவை. அவற்றின் தன்மையை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட இன்னொரு தீர்ப்பை நான் வாசித்ததில்லை. அது அமெரிக்க நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பள்ளியோடு பேசும்போது சொல்லத் தகுந்த நியாயம் அதில் இருக்கிறது.

தீபாவளி, பொங்கல் நாட்களில் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள நேர்ந்தால், உடம்பு சரியில்லை என்று பொய் எழுதாதீர்கள். சமயத் திருநாளுக்காக விடுப்புக் கேட்டால் பள்ளி கொடுக்க வேண்டும், விட்டுப்போன பாடத்தைச் செய்துமுடிக்க வாய்ப்பும் தர வேண்டும் என்று டெக்சஸ் சட்டத்தில் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நியூயார்க் நகரப் பள்ளிகளில் தீபாவளி விடுமுறையானதே, பல ஆண்டுகளாகப் பெற்றோர்கள் உண்மையைச் சொல்லி வெளிப்படையாகக் கேட்டதால்தான்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் உங்கள் மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்த உறுதிமொழியில் என்ன சொல்கிறார்கள் என்று எளிமையாக விளக்குங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். தோழிகளோடு சேர்ந்து சொல்வது அவளுக்குப் பிடித்திருந்தால் சொல்லட்டும், அதைத் தடுக்காதீர்கள். பள்ளி அவள் வாயில் ஒரு வாக்கியத்தைத் திணிக்கக் கூடாது என்றால், நாமும் ஒரு மௌனத்தைத் திணிக்கக் கூடாது. தினமும் அத்தனை பேர் நடுவில் தான் மட்டும் உட்கார்ந்திருப்பது ஒரு குழந்தைக்குச் சின்ன விஷயம் அல்ல. லில்லியனும் வில்லியமும் அதைத் தாங்கினார்கள் என்பதற்காக எல்லாப் பிள்ளைகளும் தாங்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

சொல்ல விருப்பமில்லை என்று அவளே சொன்னால் தலைமையாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், வகுப்பாசிரியருக்கும் ஒரு நகல். காரணம் எழுத வேண்டாம். ‘டெக்சஸ் கல்விச் சட்டத்தின்படி, அமெரிக்கக் கொடி, டெக்சஸ் கொடி இரண்டுக்குமான உறுதிமொழியிலிருந்து என் மகளுக்கு விலக்கு அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில் அவள் தன் இடத்தில் அமைதியாக இருப்பாள். இதற்காக அவளை வெளியே அனுப்பவோ, மற்ற மாணவர்கள் முன் கேள்வி கேட்கவோ வேண்டாம்’ என்ற அளவில் இருந்தால் போதும். மௌன நிமிடத்தைக் கடிதத்தில் சேர்க்காதீர்கள், அதில் அவள் கலந்துகொள்வதில் பிரச்சினை இல்லை. பதில் வந்ததும் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு கல்வி ஆண்டிலும் ஆசிரியர் மாறுவதால், ஆகஸ்டில் புதிய ஆசிரியருக்கு அதே கடிதத்தைத் திரும்ப அனுப்பிவிடுங்கள். இந்த விதி தெரியாத மாற்று ஆசிரியர் வரும் நாட்களில்தான் பெரும்பாலும் தகராறு வரும். அவர் அதட்டினால் எதிர்த்துப் பேசாமல், அலுவலகத்தில் கடிதம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும்படி மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பள்ளி பதில் தராவிட்டால் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அங்கும் அசையவில்லை என்றால், மக்களின் உரிமைகளுக்காக நீதிமன்றத்தில் வாதாடும் ஏசிஎல்யூ (ACLU) அமைப்பின் டெக்சஸ் கிளையைத் தொடர்புகொள்ளுங்கள். 1943இன் பார்னெட் வழக்கில் பிள்ளைகளுக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் மனு கொடுத்த அமைப்புகளில் அதுவும் ஒன்று. உதவிக்குக் கட்டணம் கேட்க மாட்டார்கள். நான் பார்த்தவரை விஷயம் அவ்வளவு தூரம் போவது அரிது. கடிதம் எழுத்தில் இருந்தால் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் அன்றைக்கே வகுப்பாசிரியரிடம் பேசி முடித்துவிடுகிறார்கள்.